கிறிஸ்துமஸ் தாத்தாவின் "கறுப்பு வேலைக்காரன்"
நெதர்லாந்தில் மூண்ட தகராறு; பிரதமரே மனம் மாறினார்

வெள்ளைத் தாடி, சிவப்பு அங்கி, மூட்டை நிறைய பரிசு. கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தெரியாதவர் யார்?

நெதர்லாந்து நாட்டில் இந்தத் தாத்தாவுக்கு ஒரு வேலைக்காரனும் உண்டு. அவன் முகம் கன்னங்கரேல் என்று இருந்தது.

அந்தக் கறுப்பு முகத்தை வைத்து அங்கே பல ஆண்டுகள் பெரிய சண்டையே நடந்தது. கைது, மறியல், கோர்ட்டு, கேஸ் என்று போயிற்று.

கப்பலில் வருவார்

அங்கே தாத்தாவின் பெயர் "சின்டர்கிளாஸ்". புனித நிக்கோலாஸ் என்ற பிஷப்பைத்தான் அப்படி அழைக்கிறார்கள். "சாண்டா கிளாஸ்" என்ற பெயர் பிறந்ததே இதிலிருந்துதான்.

நவம்பர் நடுவில் அவர் ஸ்பெயினில் இருந்து நீராவிக் கப்பலில் வருவதாக ஐதீகம். கரையில் இறங்கி, வெள்ளைக் குதிரையில் ஊர்வலம் போவார். பிள்ளைகள் ராத்திரி ஷூவை எடுத்து வைத்து, குதிரைக்கு என்று அதில் ஒரு கேரட்டும் போடுவார்கள். காலையில் பார்த்தால் ஷூவில் மிட்டாய் இருக்கும்! டிசம்பர் 5-ந் தேதி மாலையில் பரிசு கிடைக்கும்.

ஊர்வலத்தில் பலகாரம் வீசி, கோமாளித்தனம் செய்து சிரிக்க வைப்பவன்தான் "கறுப்பு பீட்". வெள்ளைக்காரர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்த வேஷம் போட்டு வந்தார்கள். தலையில் சுருட்டை முடி டோப்பா. தடித்த சிவப்பு உதடு. காதில் வளையம்.

வாத்தியார் எழுதிய கதை

இந்த வேலைக்காரன் பிரபலமானது 1850-ம் ஆண்டில். ஆம்ஸ்டர்டாம் நகர பள்ளிக்கூட வாத்தியார் யான் ஸ்கெங்க்மன், ஒரு குழந்தைப் புத்தகம் எழுதினார். நிக்கோலாசையும் அவருடைய வேலைக்காரனையும் பற்றிய கதை அது.

அப்போது நெதர்லாந்தின் பிடியில் இருந்த சுரினாம் நாட்டில், ஆப்பிரிக்கர்கள் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்துக்கொண்டு இருந்தார்கள். அடிமை முறையை ஒழித்தது 1863-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதிதான். புத்தகம் வந்து 13 ஆண்டு கழித்து!

1975-ல் சுரினாம் விடுதலை பெற்றது. அந்த சமயத்தில் ஏராளமானோர் நெதர்லாந்தில் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகள், வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

டிசம்பர் வந்தால் கறுப்பு நிறப் பிள்ளையைப் பார்த்து, "பீட்! பீட்!" என்று கேலி. மற்றவர்களுக்குத் திருவிழா, இந்தப் பிள்ளைகளுக்கு வேதனை.

கரியா? சாயமா?

"இதில் என்ன தப்பு? அவன் புகைபோக்கி வழியாக இறங்குகிறான். கரி ஒட்டிக்கொண்டது" என்பது ஒரு கட்சி.

"கரி பட்டால் முகம் கறுக்கும், சரி. முடி சுருளுமா? உதடு தடிக்குமா? போட்டிருக்கும் பட்டுச் சட்டையில் மட்டும் கரி ஒட்டாதா?" என்பது எதிர்க்கட்சி.

2011-ம் ஆண்டு டோர்ட்ரெக்ட் நகரில் ஊர்வலம் நடந்தது. குவின்சி காரியோ என்ற கறுப்பினக் கலைஞர், "கறுப்பு பீட் என்பது இனவெறி" என்று எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு நின்றார். போலீசார் அவரைத் தரையோடு இழுத்துச் சென்று கைது செய்தார்கள். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது.

2014-ல் கவுடா நகர ஊர்வலத்தில் 90 பேர் கைதானார்கள். 2017-ல் எதிர்ப்பாளர்கள் பஸ்களில் கிளம்பினார்கள். கறுப்பு பீட் ஆதரவாளர்கள் நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி மறித்தார்கள். மறித்தவர்களில் 34 பேர் குற்றவாளிகள் என்று 2018-ல் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

பிரதமர் பேச்சு

அப்போது பிரதமராக இருந்தவர் மார்க் ரூட்டே. "கறுப்பு பீட் என்றால் கறுப்பாகத்தான் இருப்பான், அதை மாற்ற முடியாது" என்ற கட்சியைச் சேர்ந்தவர்தான் அவரும்.

2020-ம் ஆண்டு ஜூன் மாதம், அதே ரூட்டே பார்லிமெண்டில் பேச்சை மாற்றினார். கறுப்பினத்தவர்களைச் சந்தித்துப் பேசியதாகவும், அவர்களில் சின்னக் குழந்தைகளும் இருந்ததாகவும் சொன்னார். பீட் வேஷத்தால் தாங்கள் ஒதுக்கப்படுவதாக அவர்கள் கூறியதைக் கேட்டு, தன் மனம் மாறிவிட்டது என்றார்.

கோர்ட்டும் கூட்டமும் அசைக்காத மனதை, குழந்தைகளின் பேச்சு அசைத்துவிட்டது.

கரிக்கோடு பீட்

அதற்கு முன்பே, 2019-ல் அபல்டோர்ன் நகரில் நடந்த தேசிய ஊர்வலத்தில் கறுப்புச் சாயம் இல்லை. கன்னத்தில் இரண்டு இழுப்பு கரி மட்டும் தீற்றிய பீட்கள் வந்தார்கள். புகைபோக்கிக் கதைக்கு அது போதுமே! அதற்குப் பிறகும் சில ஊர்கள் பழைய வேஷத்தை விடவில்லை.

"பீட்டை மாற்றினால் திருவிழாவே போய்விடும்" என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் கப்பல் வந்தது. குதிரை வந்தது. ஷூவில் மிட்டாயும் இருந்தது.

போனது சாயம் மட்டும்தான்.