சிவப்பு, மஞ்சள், நீலம்

முல்லைப் பெரியாற்று அணையில் 1895 முதல் தேங்கும் ஜலம் மலையைக் குடைந்து இறங்கி, லோயர் காம்பில் மின்சாரத்தையும் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லையும் விளைவிப்பதை நேயர்கள் அறிவார்கள். அங்குள்ள திராட்சைத் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குப் போகும் மின்சாரமோ, எம்மலையில் பிறந்ததாயினும், மூன்று கம்பிகளில் வருகிறது. அவற்றின் உறைகள் முறையே சிவப்பு, மஞ்சள், நீலம்.

மின்சாரம் நிறம் பார்ப்பதில்லை. ஏதேனும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும் என்பது மெய்யே. ஆனால் மூன்றையும் வரிசை பிசகாமல் ஓரிடம் தள்ளி முடுக்கினால் யாதொரு மாறுதலும் இல்லை. தண்ணீர் முன்போலவே கொட்டும். மூன்றுக்கும் கறுப்பு உறையே இருந்தாலும் கொட்டும். ‘பின் எதற்கு ஐயா இந்த நிறக் கட்டுப்பாடு?’ என்று தோட்டக்காரர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

இதற்கு விடை கம்பியில் இல்லை. நாளை அப்பெட்டியைத் திறக்கப்போகும் மனிதரிடம் இருக்கிறது. மோட்டார் நின்றுவிட்டதென்று நள்ளிரவில் டார்ச் விளக்குடன் வருகிறவர், ஐந்து வருஷத்துக்கு முன் இணைப்புக் கொடுத்தவரைக் கண்டிருக்கமாட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நம் நாட்டின் நெடுநாளைய வழக்கம்: கொட்டகை விளக்குக்கு வரும் கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். சிவப்புக் கம்பி தீர்ந்துவிட்டதென்று கறுப்பில் பேஸ் கொடுத்தவர் மோட்டாருக்குத் தீங்கு ஒன்றும் செய்யவில்லை. தமக்குப் பின் வருகிறவருக்கு 230 வோல்ட்டை ஒளித்து வைத்துப் போயிருக்கிறார். சோதித்த பிறகே கை வைக்கவேண்டும் என்பது சரி. அவசரத்தில் எத்தனை பேர் சோதிக்கிறார்கள்?

இந்நிறங்களில் இயற்கை நியதி எதுவுமில்லை. அமெரிக்க வீடுகளில் கறுப்பே பேஸ், வெள்ளை நியூட்ரல். நாம் யாரிடமிருந்து இந்த வரிசையைப் பெற்றோமோ அந்த ஆங்கிலேயர்களே 2004-இல் அதைக் கைவிடத் தொடங்கினர். அவர்களுடைய புது வழக்கத்தில் நீலம் நியூட்ரலாகிவிட்டது. பழையதை நாம் வைத்துக்கொண்டிருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாதி வழியில் மாற்றுவதே அதிகத் தொல்லை. அத்தொல்லை நம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கடையில் வாங்கும் பல சாதனங்களின் கம்பிகளில் இன்று பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். ஆகவே சமையலறையில் சாதுவான நீலம், கிணற்றடியில் ஆளைக் கொல்லக்கூடிய பேஸ். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகிப்பது எத்தகைய அபாயம்!

உரிய நிறக் கம்பி கிடைக்காதபோது, இரு நுனிகளிலும் அந்நிற நாடாவைச் சுற்றிவிடலாம். ஒரு சுருளுக்கு ஒரு வேளைக் காப்பிச் செலவே ஆகும். எந்த நிறம் எதற்கென்று பெட்டி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவிட்டால் இன்னும் உத்தமம்.