கைப்பேசிச் செயலிகளில் படமேற்றப் பிழைகள்

கைப்பேசிச் செயலி ஒன்றில் காட்டப்பட வேண்டிய படம் திரையில் தோன்றாமல் போவது படமேற்றப் பிழை எனப்படுகிறது. படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவோ, பிழைச் செய்தி எழுதிய கட்டமாகவோ தெரியும். செயலி உருவாக்கத்தைப் புதிதாகக் கற்பவர்கள் முதலில் சந்திக்கும் சிக்கல்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் படக்கோப்பில் பழுது இருப்பதில்லை. கோப்பைப் பெயர் சொல்லித் தேடுதல், அதன் தரவு வந்து சேர்தல், அத்தரவைப் படமாக விரித்தல், திரையில் இடம் ஒதுக்குதல் ஆகிய நான்கு கட்டங்களுள் ஏதோ ஒன்றில் தடை ஏற்பட்டிருக்கும். எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செயலிக்குள் வைக்கப்படும் படங்கள்

கூகுள் நிறுவனத்தின் ஃப்ளட்டர் கட்டமைப்பில் (இதன் 1.0 பதிப்பு 2018 டிசம்பரில் வெளியானது) ஒரு படத்தைத் திட்டக் கோப்புறைக்குள் வைத்தால் மட்டும் போதாது. பப்ஸ்பெக் யாமல் என்ற கோப்பில் அதன் இருப்பிடத்தையும் பதிய வேண்டும். யாமல் வடிவத்தில் வரியின் தொடக்க இடைவெளிக்குப் பொருள் உண்டு. ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பதிவு வேறு தலைப்பின் கீழ் போய்விடும். இடைவெளிக்கு டேப் விசையைப் பயன்படுத்தவும் கூடாது. கோப்புறையின் பெயரைப் பதிந்தால் அதற்கு நேர் உள்ளே இருக்கும் கோப்புகள் மட்டுமே சேரும். துணைக் கோப்புறைகளைத் தனித்தனியே பதிய வேண்டும். பதிவை மாற்றிய பின் செயலியை முழுவதும் நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்ப்பது நல்லது.

ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு மற்றொரு காரணம். விண்டோஸ், மேக் கணினிகள் வழக்கமாக இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்கின்றன. ஆண்ட்ராய்டும் லினக்ஸும் வேறாகக் கொள்கின்றன. எனவே கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க, நிரலில் அது சிறிய எழுத்தில் இருந்தால், கணினியில் குறையின்றி ஓடும் திட்டம் கைப்பேசியில் படமின்றி நிற்கும். நேரடி ஆண்ட்ராய்டுத் திட்டங்களில் விதி இன்னும் கடுமையானது. டிராயபிள் கோப்புறையிலுள்ள பெயர்களில் சிறிய ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு தவிர வேறெதுவும் ஏற்கப்படாது. இது ஒரு வகையில் நன்மையே, ஏனெனில் பிழை செயலியைக் கட்டும்போதே தெரிந்துவிடுகிறது.

தமிழில் பெயரிட்ட கோப்புகள்

தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தை இரு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்துச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். மேக் கணினிகளின் பழைய கோப்பமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸ் வழங்கிக்குச் சென்ற ‘கொடி’ என்னும் படம், நிரலில் விசைப்பலகையால் தட்டச்சிட்ட ‘கொடி’யுடன் பொருந்தாமல் போகலாம். இதை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மேலும், ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் கொள்வதால், இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறியுடன் எழுதும்போது 9 எழுத்துகளாக நீள்கிறது. படத்தின் தலைப்பைத் தமிழில் காட்டிவிட்டு, கோப்புக்கு மட்டும் எளிய ஆங்கிலப் பெயர் வைப்பதே பாதுகாப்பானது.

இணையத்திலிருந்து வரும் படங்கள்

சொந்தக் கணினியில் வழங்கியை இயக்கிச் சோதிக்கும் மாணவர்கள் பலர் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியில் தடுமாறுகின்றனர். ஆண்ட்ராய்டு எமுலேட்டருக்குள் அச்சொல் எமுலேட்டரையே குறிக்கும், கணினியை அன்று. கணினியை அடைய 10.0.2.2 என்ற எண்ணைத் தர வேண்டும். ஐஃபோன் சிமுலேட்டர் கணினியின் வலையமைப்பையே பகிர்வதால் அங்கு லோக்கல்ஹோஸ்ட் செல்லுபடியாகும். உண்மையான கைப்பேசியில் இரண்டுமே உதவா. கணினியும் கைப்பேசியும் ஒரே வைஃபையில் இருக்க, அந்த வலையமைப்பில் கணினிக்குரிய ஐபி எண்ணைத் தர வேண்டும்.

ஐஓஎஸ் 9 (2015) முதலும் ஆண்ட்ராய்டு 9 (2018) முதலும் மறையாக்கமில்லாத எச்டிடிபி இணைப்புகள் இயல்பாகத் தடுக்கப்படுகின்றன. பழைய படமுகவரிகளைப் பயன்படுத்தும் நேரடிச் செயலிகளும் ரியாக்ட் நேட்டிவ் செயலிகளும் இதில் சிக்குகின்றன. விதிவிலக்கு எழுதித் தடையை நீக்க வழி உண்டு. ஆனாலும் முகவரியை எச்டிடிபிஎஸ் ஆக மாற்றுவதே சரியான தீர்வு.

ரியாக்ட் நேட்டிவில் வேறொரு வியப்பும் உண்டு. இணையப் படத்துக்கு அகலமும் உயரமும் தரப்படாவிட்டால் படம் சுழிய அளவில் வரையப்படும். தரவு முழுதும் வந்திருக்கும், பிழைச் செய்தி எதுவும் இராது, படம் மட்டும் தெரியாது.

வெளியீட்டில் மறையும் படங்கள்

வாரக்கணக்கில் சோதித்துச் சரியாக இயங்கிய செயலி, பிறர் கைக்குப் போனதும் வெற்றுக் கட்டங்களாக நிற்பது நிரலருக்கு மிகுந்த சங்கடம் தருவது. ஃப்ளட்டர் திட்டங்களில் இதற்குப் பொதுவான காரணம் இணைய அனுமதி. புதிய திட்டம் தொடங்கும்போது, சோதனை வடிவத்துக்கான மேனிஃபெஸ்ட் கோப்பில் அந்த அனுமதி தானாகவே எழுதப்படுகிறது, ஏனெனில் கணினியுடன் தொடர்பு கொள்ள அது தேவை. முதன்மை மேனிஃபெஸ்ட் கோப்பில் அது இராது. வெளியீட்டு வடிவம் முதன்மைக் கோப்பையே பின்பற்றுவதால் செயலி இணையத்தை எட்ட முடிவதில்லை. முதன்மைக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் சிக்கல் தீரும். சோதனை வடிவில் பிழைச் செய்தியுடன் தோன்றும் கட்டமும் வெளியீட்டு வடிவில் வராது. அங்கு வெற்றிடம் மட்டுமே. ஆகவே ஒப்படைப்பதற்கு முன் வெளியீட்டு வடிவத்தை ஒருமுறையாவது உண்மையான கைப்பேசியில் நிறுவிப் பார்க்க வேண்டும்.

விரித்தலும் நினைவகமும்

4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்ட நிழற்படம் கோப்பாகச் சில மெகாபைட்டுகளே இருக்கலாம். விரித்த பின் ஒரு பிக்சலுக்கு 4 பைட்டுகள் வீதம் அது 48 மெகாபைட்டு நினைவகத்தைப் பிடிக்கும். ஃப்ளட்டரின் படத் தேக்ககத்துக்கு இயல்பாக ஒதுக்கப்படுவது ஏறத்தாழ 100 மெகாபைட்டு. இத்தகைய படங்கள் இரண்டிலேயே அது நிரம்பிவிடும். அதே படத்தை 400 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி விரித்தால் அரை மெகாபைட்டுக்கும் குறைவாகவே ஆகும். கேச்விட்த் என்ற பண்பு இதற்காகவே உள்ளது. விலை குறைந்த கைப்பேசிகளில் மட்டும் செயலி திடீரென மூடிக்கொண்டால் முதலில் ஐயுற வேண்டியது படங்களின் அளவைத்தான்.

கோப்பு வடிவமும் தடையாகலாம். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐஃபோன்கள் எடுக்கும் ஹெச்இஐசி வடிவப் படங்களைப் பழைய ஆண்ட்ராய்டுக் கருவிகள் பலவற்றால் திறக்க முடியாது. ஃப்ளட்டரின் இமேஜ் விட்ஜெட் எஸ்விஜி படங்களைக் காட்டாது. அதற்குத் தனித் தொகுப்பு தேவை.

கண்டறியும் முறை

இணையப் படமெனில் அதன் முகவரியை அதே கைப்பேசியின் உலாவியில் திறந்து பார்ப்பது விரைவான சோதனை. 404 என்று வந்தால் பெயரோ பாதையோ தவறு. 401 அல்லது 403 என்றால் அனுமதிச் சிக்கல். 200 என்று வந்தும் படம் விரியவில்லையானால், வழங்கி படத்துக்குப் பதிலாக ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பியிருக்கக்கூடும். உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் தளங்களில் இது வழக்கம். உலாவியில் படம் வந்து செயலியில் மட்டும் வராவிட்டால் தேட வேண்டிய இடம் செயலியின் அனுமதிகளும் நிரலும். ஃப்ளட்டரின் எரர்பில்டர், ரியாக்ட் நேட்டிவின் ஆன்எரர் ஆகியவற்றில் பிழையின் விவரத்தைப் பதிவுசெய்து, அவ்விடத்தில் மாற்றுப் படம் ஒன்றைக் காட்டலாம். அந்த மாற்றுப் படம் செயலிக்குள்ளேயே இருக்க வேண்டும். அதையும் இணையத்திலிருந்து எடுத்தால் இணைப்பு அறுந்த வேளையில் இரண்டுமே வராது.