கிளாஸ்ரூமில் ராப்... டூபாக் பாட்டை ஏன் பாடமா நடத்துறாங்க?

ஹெட்போன்ல கேட்டா அது என்ஜாய்மென்ட். அதே பாட்டை கிளாஸ்ல உட்கார்ந்து கேட்டா? அமெரிக்காவில் அது பாடம் பாஸ்! ராப்பர் டூபாக் ஷகூர் சுட்டுக்கொல்லப்பட்டது 1996-ல். மறுவருடமே, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் அவரைப் பற்றி ஒரு வகுப்பு தொடங்கிவிட்டது.

'பாட்டு முழுக்க கெட்ட வார்த்தை, ஆளு ஜெயிலுக்குப் போனவர். இவரையா பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கணும்?'னு உங்களுக்குத் தோணலாம். நியாயமான கேள்விதான். அதுக்கு அவரோட கதையிலிருந்து தொடங்கணும்.

அம்மாவும் மகனும்

டூபாக்கின் அம்மா அஃபெனி ஷகூர், கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்காரர். குண்டுவைக்கச் சதி செய்ததாக அவர்மீது வழக்கு. வயிற்றில் பிள்ளையோடு, வக்கீல் வைக்காமல் தானே வாதாடி விடுதலையானார். அடுத்த மாதமே, 1971 ஜூன் 16-ல், டூபாக் பிறந்தார். பின்னாளில் அதே அம்மா போதைக்கு அடிமையானார். மகனோ பால்டிமோர் கலைப்பள்ளியில் நடிப்பும் கவிதையும் பாலேவும் படித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பின்னணி தெரிஞ்சு கேட்டா, 1995-ல் வந்த 'டியர் மாமா' வேற மாதிரி கேட்கும். அம்மாவின் போதைப் பழக்கத்தை மறைக்காமலேயே அவருக்கு நன்றி சொல்லும் பாட்டு அது. பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதை 2010-ல் சேர்த்தது, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம்.

பேசுறது யாரு?

ராப் வரிகளைப் படிக்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். 'டியர் மாமா'வில் டூபாக் தன் கதையைச் சொல்கிறார். 1991-ல் வந்த 'பிரெண்டாஸ் காட் எ பேபி' அப்படியில்லை. பெற்ற குழந்தையைக் குப்பையில் போட்ட 12 வயதுச் சிறுமி பற்றிய செய்தியை நாளிதழில் படித்துவிட்டு எழுதியது. வேறு சில பாடல்களில் வரும் 'நான்' ஒரு கதாபாத்திரம். நாவலில் கொலைகாரன் பேசினா எழுத்தாளரை நாம அரெஸ்ட் பண்றதில்லையே!

ஆனா ராப் விஷயத்தில் இந்த வித்தியாசத்தைப் பலரும் மறந்துடுறாங்க. 1992-ல் டெக்சாஸில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர் கேட்டுக்கொண்டிருந்தது டூபாக் ஆல்பம். 'பாட்டுதான் தூண்டியது' என்று வாதாடியது அவர் தரப்பு. அந்த ஆல்பத்துக்குச் சமூகத்தில் இடமில்லை என்று கண்டித்தார், அப்போதைய துணை அதிபர் டான் குவேல். ஜூரி அந்த வாதத்தை ஏற்கவில்லை. குற்றவாளிக்கு மரண தண்டனை.

இன்னொரு பக்கம், ராப்பர்கள் எழுதிய வரிகளையே அவர்களுக்கு எதிரான சாட்சியமாகக் கோர்ட்டில் வைப்பதும் நடக்குது. அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவர கலிஃபோர்னியா 2022-ல் தனிச் சட்டமே போட்டது. ஒரு பாட்டைத் தப்பாப் படிச்சா ஒருத்தர் வாழ்க்கையே ஜெயிலில் முடியலாம். அதனாலதான் இது வெறும் ரசனை வகுப்பு இல்லை.

மறைக்கக் கூடாத பக்கம்

'கீப் யா ஹெட் அப்' பாட்டில் பெண்களுக்காகப் பேசியவர் டூபாக். அடுத்த வருடமே, 1994-ல், ஒரு பெண்ணைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திய வழக்கில் அவரைக் குற்றவாளி என்றது நியூயார்க் நீதிமன்றம். கடைசிவரை குற்றத்தை மறுத்தாலும் சிறை சென்றார்.

இதை விட்டுட்டு நடத்தினா அது வகுப்பு இல்லை, ரசிகர் மன்றக் கூட்டம். இதை மட்டும் சொன்னா பாட்டு காணாமப்போயிடும். ரெண்டையும் ஒரே மேஜையில் வெச்சு, 'இப்போ இந்தப் பாட்டை நீ எப்படிக் கேட்பே?'னு மாணவர்கள்கிட்டயே விடணும். ஒவ்வொருத்தர் பதிலும் வேறவேறயா இருக்கும். இருக்கட்டுமே!

நீங்களும் ட்ரை பண்ணலாம். உங்க பிளேலிஸ்ட்ல இருந்து ஒரு ராப் பாட்டை எடுங்க. பீட் இல்லாம வரிகளை மட்டும் படிங்க. யார் பேசுறாங்க, யார்கிட்ட, எந்த வருஷத்துல, அப்போ அந்த ஊர்ல என்ன நடந்துச்சுனு தேடுங்க. அப்புறம் வால்யூமைக் கூட்டி மறுபடி கேளுங்க!