குற்றாலத்துல ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? நம்பர் போர்டைப் பாருங்க, பதில் அங்க இருக்கு

ஜூன் மாசம் பிறந்தா போதும், என் போனுக்கு ரெண்டு கேள்வி வந்துரும். "மச்சான், சீசன் ஆரம்பிச்சிருச்சா?" இது முதல் கேள்வி. "அங்க ஸ்கூட்டி வாடகைக்குக் கிடைக்குமா?" இது ரெண்டாவது. எனக்குச் சொந்த ஊர் தென்காசி. அதனால ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் நான்தான் சுற்றுலா அலுவலகம். முதல் கேள்விக்கு அம்மாவுக்கு ஒரு போன் போட்டா பதில் கிடைச்சிரும். ரெண்டாவது கேள்விக்குத்தான் ஒரு முழு எபிசோட் தேவைப்படுது. சட்டம், இன்சூரன்ஸ், மலை ரோடுன்னு மூணு விஷயம் அதுல பின்னிக் கிடக்கு.

முதல்ல, ஸ்கூட்டர் தேவையா?

பேரருவியில குளிச்சிட்டு, குற்றாலநாதரைக் கும்பிட்டுட்டுத் திரும்புறதுதான் பிளான்னா தேவையே இல்ல. தென்காசியில இருந்து குற்றாலம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். டவுன் பஸ் இருக்கு, ஆட்டோ இருக்கு.

ஆனா இந்தப் பக்கத்தோட அழகு ஒரே இடத்துல இல்ல. ஐந்தருவி ஒரு பக்கம், பழைய குற்றாலம் இன்னொரு பக்கம். இலஞ்சி குமாரர் கோயில், பண்பொழி திருமலைக்கோயில், குண்டாறு அணை, சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டம் எல்லாம் ஆளுக்கொரு திசையில கிடக்கு. சீசன்ல சனி, ஞாயிறு கார்ல வந்தீங்கன்னா அருவியில நிக்கிற நேரத்தைவிட பார்க்கிங் தேடுற நேரம்தான் அதிகம். அதுவுமில்லாம, திடீர்னு தண்ணி கூடி அருவியில குளிக்கத் தடை போட்டுட்டாங்கன்னா, உடனே வேற இடம் பார்த்துக் கிளம்ப ரெண்டு சக்கரம்தான் வசதி. ஸ்கூட்டர் கேக்குறவங்களை நான் குறை சொல்லமாட்டேன்.

போர்டு கலர் சொல்ற கதை

நம்ம நாட்டுல பைக், ஸ்கூட்டரை வாடகைக்கு விடுறதுக்குன்னே மத்திய அரசோட தனித் திட்டம் ஒண்ணு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தோட 75-வது பிரிவின் கீழ 1997-ல வந்தது. அதுல லைசென்ஸ் வாங்கினவங்கதான் இந்தத் தொழிலைச் செய்யலாம். அந்த வண்டிக்கு நம்பர் போர்டே வேற: கறுப்புப் பலகையில மஞ்சள் எழுத்து. கோவா போனவங்க இதைப் பார்த்திருப்பீங்க. எலெக்ட்ரிக் வண்டின்னா பச்சைப் பலகையில மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையில கறுப்பு எழுத்து இருந்தா அது ஒருத்தரோட சொந்த வண்டி. சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான்.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. லாட்ஜ்ல ரூம் போட்டுட்டு, "அண்ணாச்சி, சுத்திப் பார்க்க வண்டி ஏதும் கிடைக்குமா?"ன்னு கேட்டா, "நம்ம பையன் வண்டி நிக்குது தம்பி, எடுத்துக்கோங்க. பெட்ரோல் போட்டுக்கோங்க, ஏதாச்சும் பார்த்துக் கொடுங்க"ன்னு பதில் வரும். அவர் ஏமாத்தணும்னு நினைக்கல. உண்மையிலேயே உதவிதான் செய்றார். ஆனா அது டி.என். 76-ன்னு தொடங்குற வெள்ளை போர்டு வண்டி. அந்த "ஏதாச்சும் பார்த்துக் கொடுங்க"ங்கிற இடத்துலதான் சிக்கல் ஆரம்பிக்குது.

காசு கை மாறினா என்ன ஆகும்?

கோடு எழுதுறவங்களுக்கு ஈஸியாப் புரியும். இன்சூரன்ஸ் பாலிசிங்கிறது வரிசையா எழுதி வெச்ச 'இஃப்' கண்டிஷன். சொந்த வண்டிக்கான பாலிசியில 'வாடகைக்கு விடக்கூடாது'ன்னு ஒரு வரி இருக்கும். ஃப்ரெண்டு வண்டியை ஓசியில வாங்கி ஓட்டினா அந்த வரி இடிக்காது. வாடகைன்னு காசு கொடுத்த நிமிஷமே இடிக்கும். இழப்பீட்டு வழக்குல இதைக் காரணமாச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி விலகப் பார்க்க மோட்டார் வாகனச் சட்டத்தோட 150-வது பிரிவே வழி கொடுக்குது. சில வழக்குகள்ல கோர்ட், "முதல்ல நீ பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, அப்புறம் வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோ"ன்னு கம்பெனிகிட்ட சொல்லும். கடைசியில சுமை வந்து விழுறது அந்த லாட்ஜ் அண்ணாச்சி தலையில. ஓட்டினவர் மேல வழக்கு தனி.

எனக்குத் தெரிஞ்ச ஒரு சம்பவம் சொல்றேன். பேர் வேண்டாம். காலேஜ் ஜூனியர் ஒருத்தன், இதே மாதிரி ஒரு வெள்ளை போர்டு ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ஐந்தருவி ரோட்டுல போயிருக்கான். சாரல்ல பின் சக்கரம் வழுக்கி, ரோட்டோரம் மங்குஸ்தான் வித்துக்கிட்டிருந்த ஒரு தாத்தா மேல போய் விழுந்துட்டான். இவனுக்கு முழங்கால்ல சிராய்ப்பு. அவருக்குத் தோள் எலும்பு முறிஞ்சிருச்சு. அப்புறம் பார்த்தா வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு எட்டு மாசம் ஆயிருக்கு. இவங்க நாலு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினாங்க. ஆனா சீசன்ல சம்பாதிச்சாத்தான் அவருக்கு வருஷம் ஓடும். அந்த சீசன் முழுக்க அவர் கூடையைத் தூக்கல. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ங்கிறது நமக்காக இல்ல மக்களே. அந்தத் தாத்தா மாதிரி, இந்த டூருக்கே சம்பந்தமில்லாத ஒரு மனுஷனுக்காக.

சரி, நமக்கு அடிபட்டா?

இது நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். 2009-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நிங்கம்மா வழக்குன்னு ஒண்ணு இருக்கு. ஒருத்தர் இரவல் வாங்கின பைக்ல போறார். முன்னால போன மாட்டு வண்டியில மோதி இறந்துடுறார். பைக்கோட இன்சூரன்ஸ்ல இருந்து அவர் குடும்பம் இழப்பீடு கேட்டது. தப்பு யார் மேலன்னு நிரூபிக்காமலே இழப்பீடு கேக்குற 163ஏ பிரிவுல அது கிடைக்காதுன்னு கோர்ட் சொல்லிருச்சு. காரணம் என்னன்னா, வண்டியை இரவல் வாங்கினவர் ஓனரோட இடத்துல நிக்கிறார். அவரை 'மூன்றாவது நபர்'னு எடுத்துக்க முடியாது.

"ஓனருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு உண்டே?"ன்னு கேப்பீங்க. உண்டுதான். ஆனா வண்டி யார் பேர்ல இருக்கோ, அவர் ஓட்டினாத்தான் அது. உங்களுக்கு இல்ல. அதனால உங்க பேர்ல ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கணும். பெரிய செலவு பண்ணணும்னு அவசியம் இல்ல. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவுக்கு வருஷம் 20 ரூபாய்தான், விபத்துல இறந்தா 2 லட்சம். பேங்க் ஆப்லயே சேர்ந்துக்கலாம். அருவிக்கரையில மிளகாய் பஜ்ஜி ஒரு பிளேட் அந்த விலைக்குக் கிடைக்காது.

மலை ரோட்டுல ஸ்கூட்டர் எப்படி நடந்துக்கும்?

கியர் பைக்ல இறக்கத்துல வரும்போது சின்ன கியர் போட்டா, இன்ஜினே வேகத்தைப் பிடிச்சு நிறுத்தும். ஸ்கூட்டர்ல அந்த வசதி ரொம்பக் கம்மி. அதுல இருக்கிறது வேகத்தால சுழன்று ஒட்டுற கிளட்ச். ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைஞ்சதும் கிளட்ச் விலகிரும். அதுக்கப்புறம் வண்டி சும்மா உருளுது, மொத்தப் பாரமும் பிரேக் மேலதான். பின்னால ஒருத்தர் உக்காந்து, பிரேக்கை விடாம அழுத்திக்கிட்டே வந்தீங்கன்னா அது சூடேறி, பிடிமானம் குறையும். இறக்கத்துக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க. பிரேக்கை விட்டு விட்டுப் பிடிங்க.

சக்கரமும் சின்னது. பைக் ஏறிப் போயிடுற குழியில ஸ்கூட்டர் இறங்கும். சாரல் விழ ஆரம்பிச்ச முதல் பத்து இருபது நிமிஷம் ரொம்ப மோசம். ரோட்டுல இருக்கிற தூசி, எண்ணெய் எல்லாம் தண்ணியோட சேர்ந்து வழவழன்னு ஆயிரும்.

செங்கோட்டை தாண்டி புளியரை, ஆரியங்காவுப் பக்கம் போகணும்னு ஆசைப்படுறவங்களுக்குத் தனியாச் சொல்றேன். அது கேரளாவுக்குப் போற நெடுஞ்சாலை. ஜல்லி, எம்-சாண்ட் ஏத்தின லாரிங்க வரிசையா ஏறும். வளைவுல லாரியை ஓவர்டேக் பண்ண வேண்டாம். முன்னால போற லாரியைப் பார்த்துக்கிட்டே மெதுவாப் போங்க, மலை அங்கேயேதான் இருக்கும்.

சாவியை வாங்கிறதுக்கு முன்னாடி

ஒண்ணு, வண்டி நம்பரை எம்-பரிவாஹன் ஆப்ல போடுங்க. இன்சூரன்ஸ், புகைச் சான்று எந்தத் தேதி வரைக்கும்னு காட்டும். ஒரு நிமிஷ வேலை.

ரெண்டு, உங்க லைசென்ஸ்ல டூவீலர் இருக்கான்னு பாருங்க. கார் மட்டும் இருந்தா அது டூவீலருக்குச் செல்லாது. லைசென்ஸ் இல்லாம ஓட்டினா அபராதம் 5,000 ரூபாய். வண்டி கொடுத்தவருக்கும் தனியா அபராதம் உண்டு.

மூணு, அசல் லைசென்ஸை அடமானமா வெச்சுட்டுப் போகாதீங்க. நகல் கொடுங்க. டிஜிலாக்கர்ல ஒரு காப்பி எப்பவும் இருக்கட்டும்.

நாலு, ஹெல்மெட் ரெண்டு. பின்னால உக்கார்றவங்களுக்கும் சேர்த்து. இல்லைன்னா 1,000 ரூபாய்.

அஞ்சு, வண்டியைச் சுத்தி ஒரு வீடியோ எடுங்க. டயர் பட்டனையும் பிரேக்கையும் அங்கேயே பாருங்க.

ஆறு, அருவிக்கரையில ஸ்கூட்டர் கொக்கியில பையை மாட்டிட்டுப் போகாதீங்க. இது சட்டம் இல்ல, குரங்கு.

தென்காசிக்கும் வியட்நாமுக்கும் ஒரே கேள்விதான்

இப்போ நம்ம பசங்க வியட்நாம், தாய்லாந்துன்னு போய் அங்கேயும் ஸ்கூட்டர்தான் தேடுறாங்க. ஆர்.டி.ஓ.வுல 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் உரிமம் வாங்கிட்டா உலகம் முழுக்கச் செல்லும்னு ஒரு நம்பிக்கை. இந்தியா கொடுக்கிற அந்த உரிமம் 1949-ஆம் வருஷ ஜெனீவா ஒப்பந்தப்படி வர்றது. வியட்நாம் ஏத்துக்கிறது 1968-ஆம் வருஷ வியன்னா ஒப்பந்தப்படி கொடுத்த உரிமத்தை. கடைக்காரர் ஒண்ணும் கேக்காம சாவியைக் கொடுத்துருவார். ஆனா விபத்து நடந்தா, உரிமம் செல்லாதுங்கிற காரணத்துலயே உங்க டிராவல் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். ஊர் எதுவா இருந்தாலும் "வண்டி கிடைக்குமா?"ங்கிறது ரெண்டாவது கேள்வி. "ஏதாவது ஆச்சுன்னா யார் பணம் கட்டுவா?" இதுதான் முதல் கேள்வி.

அப்போ என்னதான் பண்றது?

கறுப்பு போர்டு வண்டி கிடைச்சா தாராளமா எடுங்க. இல்லைன்னா மூணு வழி இருக்கு. ஒண்ணு, இங்க சொந்தக்காரங்களோ ஃப்ரெண்டோ இருந்தா இரவல் வாங்குங்க. இன்சூரன்ஸ் தேதி பார்த்து வாங்குங்க, காசு கொடுக்காதீங்க. டேங்க்கை நிரப்பித் திருப்பிக் கொடுங்க, அவங்க வீட்டுக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிட்டுப் போங்க. ரெண்டு, உங்க சொந்த வண்டியையே ரயில்ல கொண்டு வாங்க. எழும்பூர்ல இருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கு. ஆர்.சி. நகல் கொடுத்து, பெட்ரோலைக் காலி பண்ணி, பேக்கிங் பண்ணி புக் பண்ணணும். செங்கோட்டைதான் கடைசி ஸ்டேஷன்ங்கிறதால அங்க இறக்கினா அவசரம் இல்ல. நாலஞ்சு நாள் தங்குறவங்களுக்கு இது சரியா வரும். மூணு, ஒரு ஆட்டோ அண்ணனை ஒரு நாளைக்குப் பேசிருங்க. எந்த அருவியில இப்போ தண்ணி, எதுல தடைன்னு கூகுளுக்கு முன்னாடி அவருக்குத்தான் தெரியும்.

தடைன்னதும் இன்னொரு விஷயம். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து, திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துட்டான். மலைக்கு மேல பெய்ற மழை கீழ நிக்கிற நமக்குத் தெரியாது. போலீஸ் விசில் அடிச்சா, "அஞ்சே நிமிஷம் சார்"னு கெஞ்சாதீங்க. வண்டியைத் திருப்புங்க. சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு, டீ குடிச்சிட்டு சாயங்காலம் வந்து பாருங்க.

அடுத்த எபிசோட்ல ரயில்ல பைக் புக் பண்றதை ஒவ்வொரு படியாப் பார்ப்போம். இந்த எபிசோடை, சீசனுக்குக் கிளம்புற உங்க கேங்க்ல வண்டி ஓட்டப் போற ஆளுக்கு அனுப்பி வைங்க. பின்னால உக்காரப் போற ஆளுக்கும்தான்.