ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

முல்லைப் பெரியாறு அணையிலிருந்து தமிழகத்துக்கு வரும் தண்ணீர் தேக்கடியில் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையைக் கடந்து, குமுளிப் பக்கம் ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர்கேம்ப் மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. வினாடிக்கு 100 கன அடி தண்ணீருக்குச் சுமார் 9 மெகாவாட் என்பது அங்குள்ள நடைமுறைக் கணக்கு. 1,400 கன அடி திறந்தால் 126 மெகாவாட் என்று செய்தித்தாளில் வருவது இதுதான். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்க ஏறக்குறைய 1,100 லிட்டர் தண்ணீர் மலையிலிருந்து விழ வேண்டும். சின்னமனூர் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் கறுப்புத் தொட்டி நிறைந்து, அதற்கு மேலும் வழிய வேண்டிய அளவு. 1895-ல் பென்னிகுவிக் அந்த அணையைக் கட்டி முடித்தது பாசனத்துக்காக. மின்சாரம், அறுபதாண்டு கழித்து அதே தண்ணீரில் கிடைத்த இன்னொரு லாபம். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் தண்ணீர்தான் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் தாண்டி நம் ஊர் வயலுக்கும் பாய்கிறது.

அப்படி வந்த ஒரு யூனிட்டுக்கு நம் வீட்டில் என்ன விலை? ஒரே பதில் கிடையாது. சில வீட்டில் ஒன்றுமில்லை; சில வீட்டில் 11 ரூபாய் 55 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு மட்டும் 243 ரூபாய்!

விளையாட்டில்லை. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். 2016-லிருந்து முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் தலா ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. சரியாக 500 ஓடியிருந்தால் பில் ரூ.1,805. மீட்டர் 501-ஐத் தொட்டதும் அந்த 2.35 சலுகை போய்விடும். 101-லிருந்து 400 வரை மொத்தத்துக்கும் ரூ.4.70 போட்டுக் கணக்கு முதலிலிருந்து எழுதப்படும். 501-ஆவது யூனிட்டின் சொந்த விலை ரூ.8.40-தான். ஆனால் பில் ரூ.2,048.40 ஆகிவிடும். 601-லிருந்து ரூ.9.45, 801-லிருந்து ரூ.10.50, ஆயிரத்துக்கு மேல் ரூ.11.55 என்று அதன் பிறகும் ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே, கரண்ட் பில்லைக் குறைக்க வழி கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "உங்க வீட்டுல எத்தனை யூனிட்?" என்பதைத்தான். பெரும்பாலோர் ரூபாயைச் சொல்வார்கள், யூனிட்டைச் சொல்ல மாட்டார்கள். ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டை இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையேல் மின்வாரியத்தின் குறுஞ்செய்தியைத் தேடுங்கள். போன ஒரு வருட ரீடிங்கை வரிசையாக எழுதுங்கள். மார்கழியில் 430 ஓடிய வீடு சித்திரையில் 530 ஓடும். அந்தச் சித்திரை பில்லில்தான் சேமிக்க இடம் இருக்கிறது. ரீடிங் எடுத்த முப்பதாம் நாள் மீட்டரைப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் மிச்ச முப்பது நாளும் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

எங்கே பிடிப்பது? ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. இரண்டு மாதத்துக்கு 1,440 மணி நேரம். எனவே எப்போதும் அணையாத ஒரு பொருள் ஒவ்வொரு வாட்டுக்கும் 1.44 யூனிட் தின்னும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால் நம் பயமெல்லாம் தப்பான பொருள்மேல் இருப்பது தெரியும். மிக்ஸி போட்டால் கரண்ட் இழுக்கும் என்று பதறுகிறோம். 750 வாட் மிக்ஸியைத் தினம் பத்து நிமிடம் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 7.5 யூனிட்தான். டி.வி.க்குக் கீழே சத்தமில்லாமல் கிடக்கும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், டி.வி.யை மட்டும் ரிமோட்டில் அணைத்துவிட்டு அதை அப்படியே விட்டதற்கு 14.4 யூனிட். மாடிப்படியில் எரியும் பழைய 'ஜீரோ வாட்' குண்டு பல்பு பெயரில்தான் பூஜ்யம். நிஜத்தில் 15 வாட் வரை எடுக்கும். 2012 மின்வெட்டில் வாங்கிய இன்வெர்ட்டரை இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டு. கரண்ட் போகாத நாளிலும் அது பேட்டரியை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. 20 வாட் என்றாலும் 28.8 யூனிட் ஆகிறது.

வாட்டை எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், மீட்டரைக் கேளுங்கள். அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3,200. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சோதிக்க வேண்டிய பொருளை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 16 முறை மினுக்கினால் அந்தப் பொருள் 300 வாட் எடுக்கிறது. எதுவுமே போடாதபோதும் மினுக்கினால் வீட்டு ஒயரிங்கில் கசிவு இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இனி மின்விசிறி. ஏ.சி. இல்லாத வீட்டில் மின்சாரத்தை அதிகம் தின்பது பெரும்பாலும் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்று ஆளைத் தள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருவதால்தான் ஓடைப்பட்டி, காமாட்சிபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது காற்றாலைக்காரர்கள் தொழில் செய்யும் விதி. மின்விசிறி அந்தக் காற்றாலையின் தலைகீழ். விதியும் தலைகீழாகப் பொருந்தும். இறக்கையின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், காற்றைத் தள்ளத் தேவையான ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். ஐந்தில் ஓடுவதை மூன்றில் வைத்தால் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்!

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, சுவரில் பெட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய ரெகுலேட்டர். மின்விசிறிக்குப் போக வேண்டாத மின்சாரத்தை அது தன் கம்பிச் சுருளில் சூடாக எரித்துத் தீர்க்கும். தொட்டால் கைக்கே தெரியும். வேகம் குறைந்தாலும் மீட்டர் அவ்வளவாகக் குறையாது. சின்னதாக இருக்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு மாறினால் இந்த ஓட்டை அடைபடும், செலவும் சில நூறு ரூபாய்தான்.

இரண்டாவது ஓட்டை மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. நாம் காலங்காலமாகப் போட்டுவரும் மின்விசிறியின் சுழலும் பாகத்தில் காந்தம் கிடையாது. அசையாத பாகத்தின் சுருளில் மின்சாரம் பாய்ந்து, அது சுழலும் பாகத்தில் வேறொரு மின்னோட்டத்தைத் தூண்டி, அந்த மின்னோட்டம் காந்தமாகி, பிறகுதான் சுழல்கிறது. வழியில் பெரும்பங்கு சூடாகப் போய்விடுகிறது. 75 வாட் உள்ளே போனால் காற்றாக வெளியே வருவது சொற்பம். பி.எல்.டி.சி. என்று இப்போது விற்கும் மின்விசிறியில் சுழலும் பாகத்திலேயே நிரந்தரக் காந்தம் பதித்திருக்கிறார்கள். எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தர வேண்டும் என்பதை ஒரு சின்ன மின்னணுப் பலகை பார்த்துக்கொள்கிறது. அதே காற்றுக்கு 28 முதல் 35 வாட் போதும்.

தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் பழையது 54 யூனிட், 30 வாட்டில் புதியது 21.6 யூனிட். மூன்று மின்விசிறிக்கு 97 யூனிட் மிச்சம். 560 யூனிட் ஓடும் வீட்டில் இது 463 ஆகும், பில் ரூ.2,544-லிருந்து ரூ.1,572-க்கு இறங்கும். அதே மூன்று மின்விசிறியை 250 யூனிட் வீட்டில் மாட்டினால் ரூ.470 பில் ரூ.125 ஆகும். முதல் வீட்டில் மிச்சம் 972 ரூபாய், இரண்டாவது வீட்டில் 345. சேமித்த யூனிட் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மூன்று மின்விசிறிக்கு ஒன்பதாயிரம் ரூபாய் ஆகிறது என்று வைத்தால், முதல் வீட்டுக்காரர் ஒன்றரை வருடத்தில் முதலை எடுத்துவிடுவார். இரண்டாமவர் பழைய மின்விசிறி கெட்டுப்போகும்வரை காத்திருந்து மாற்றினால் போதும்.

கூரை மின்விசிறிக்கு நட்சத்திரக் குறி 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். கடையில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளும் என்று போட்டிருப்பதையும் பாருங்கள். காற்றே வராத மின்விசிறி எத்தனை குறைவான வாட் எடுத்தாலும் தண்டம்.

ஏ.சி. பற்றிப் பத்திரிகைகள் ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டன. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு; 24-ல் வைத்து, மெதுவாக ஒரு மின்விசிறியையும் ஓட்டினால் முடிந்தது. ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுங்கள். சுடுதண்ணீர்தான் பலர் கணக்கில் சேர்க்காதது. ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க யூனிட்டில் 860-ல் ஒரு பங்கு வேண்டும். மேகமலைக் குளிர் இறங்கும் மார்கழியில், 20 லிட்டர் வாளியை 15 டிகிரி ஏற்றினால் 0.35 யூனிட். நான்கு பேர் குளித்தால் இரண்டு மாதத்தில் 84 யூனிட். சூட்டை ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டாலே 28 யூனிட் மிச்சம்.

தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க, இழப்பே இல்லாவிட்டாலும் 0.27 யூனிட் வேண்டும். வீட்டு போர் மோட்டார்கள் பாதிக்கு மேல் வீணாக்குவதால் முக்கால் யூனிட் வரை போகலாம். அதே ஆயிரம் லிட்டர் நகராட்சிக் குழாயில் வந்து தரைத்தொட்டியில் இருந்தால் மாடிக்கு ஏற்றும் உயரம் 10 மீட்டர்கூட இல்லை, பத்தில் ஒரு பங்கு வேலைதான். குழாய்த் தண்ணீர் வரும் நாளில் போரைத் தொடாமல் இருப்பது நிலத்தடி நீருக்கும் நல்லது. தொட்டி வழிந்து தெருவில் ஓடும்வரை மோட்டாரை மறந்துவிடும் வீடுகளுக்கு ஒரு மிதவை சுவிட்ச் அவசியம்.

வாங்கக் கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பிளக்கில் செருகினால் பில் 30, 40 சதவீதம் குறையும் என்று செல்போன் விளம்பரத்தில் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்விசிறிக்கு நாம் போடும் கண்டன்சர், பச்சை நிறத்தில் எரியும் ஒரு விளக்கு, அவ்வளவுதான். மோட்டார்கள் தாங்கள் வேலைக்குப் பயன்படுத்தும் ஆற்றல் போக, காந்தப்புலத்துக்காகக் கொஞ்சம் மின்னோட்டத்தை வாங்கி வாங்கித் திருப்பித் தருகின்றன. கெப்பாசிட்டர் சமன் செய்வது அந்தப் போக்குவரத்தை. நம் ஊர் அரிசி ஆலையில் பெரிய மோட்டார்களுக்கு கெப்பாசிட்டர் வைப்பது நியாயம். பெரிய தொழிற்சாலைகளுக்கு பவர் ஃபேக்டர் குறைந்தால் அபராதமே உண்டு. வீட்டு மீட்டர் இந்தப் போக்குவரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை, உண்மையில் செலவான ஆற்றலை மட்டும்தான் எண்ணுகிறது. இல்லாத கட்டணத்தை எந்தப் பெட்டியும் குறைக்க முடியாது. இது ஏமாற்று வேலை, சந்தேகமே வேண்டாம்.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் சோலார். மழை மறைவுப் பகுதியான நம் பள்ளத்தாக்கில் வெயிலுக்குக் குறைவில்லை. ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். 700 யூனிட் ஓடும் வீட்டின் பில் ரூ.3,825. ஒரு கிலோவாட் போட்டால் 460 யூனிட்டுக்கு ரூ.1,553 கட்டினால் போதும், மிச்சம் ரூ.2,272. அதே பேனலை 300 யூனிட் வீட்டில் போட்டால் மிச்சம் ரூ.705-தான். கடைக்காரர் இரண்டு வீட்டுக்கும் ஒரே விலைதான் சொல்வார். 500-ஐத் தாண்டும் வீட்டுக்காரர்கள் தாராளமாகப் போடலாம். 200 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டின் பில்லோ அதிகபட்சம் ரூ.235, அவர்கள் பேனலும் வாங்க வேண்டாம், புது மின்விசிறியும் வாங்க வேண்டாம்.