மைல் போனது, மைல்கல் நின்றது

செய்தித்தாளைப் புரட்டினால் நாளுக்கொரு மைல்கல். விண்வெளியில் ஒன்று, கிரிக்கெட்டில் ஒன்று, திருப்பூர்ப் பின்னலாடையில் ஒன்று. பெரிய முன்னேற்றத்தைக் குறிக்கும் ‘மைல்ஸ்டோன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் பாதியை மட்டும் தமிழாக்கி வைத்துக்கொண்டோம். மீதிப் பாதியான ‘மைல்’ ஆங்கிலேயருக்கும் இரவல்தான். லத்தீனில் ‘மில்லே’ என்றால் ஆயிரம். ரோமானியப் படைவீரனின் ஆயிரம் இரட்டையடிதான் ஒரு மைல்.

அந்த மைல் வருமுன் கொங்கு வழிகளில் காதம் இருந்தது. ஏழரை நாழிகை நடை ஒரு காதம். இன்றைய கணக்கில் மூன்று மணி நேரம். கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பாறையில் இராசகேசரிப் பெருவழியின் பெயர் வட்டெழுத்தில் இருக்கிறது. சோழர் காலத்தில் பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போன பாதை அது. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் வழிப்போக்கனிடம் இன்னும் நெருங்கிப் பேசுகிறது. நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று எழுதியதோடு விடாமல், 2 பெரிய குழிகளும் 9 சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தறியாமல் பொதிமாடு ஓட்டி வந்தவனும் தூரத்தை அறிந்துகொண்டு போகலாம். அந்த அக்கறையை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது.

பிறகு பிரிட்டிஷார் காலத்து மைல்கல். இடையிடையே பர்லாங் கல், மைலுக்கு எட்டுப் பர்லாங். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைக் கொண்டுவர, ஒரு மைல் 1.6 கிலோமீட்டர் ஆயிற்று. சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை அன்று 47, இன்று 544. மஞ்சள் தலையுடன் கற்கள் ஓரத்தில் நிற்கின்றன. வண்டியில் போகிறவர் கண் கைப்பேசியில் இருக்கிறது. அது அவிநாசிக்கு இத்தனை நிமிடம் என்கிறது. காதத்தைப் போலவே தூரம் மறுபடி நேரமாகிவிட்டது. அன்றைய நேரத்தைக் கால்கள் அளந்தன. இன்றைய நேரத்தைச் சிக்னல்களும் மேம்பாலங்களும் அளக்கின்றன. வழி தவறும் பயம் போனது பெரிய வரவுதான்.

ஆனால் சொல்லில் ஒன்று உதிர்ந்துவிட்டது. சாலையோரக் கல் எதுவும் வந்த தூரத்தைப் பாராட்டியதில்லை. போக வேண்டிய ஊரையும் மீதித் தூரத்தையும் சொல்வதே அதன் வேலை. ‘மைல்கல்லை எட்டினார்’ என்று எழுதும்போது அந்த மீதித் தூரம் நமக்கு நினைவு வருவதில்லை.

சூலூர்ப் பக்கம் கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் வழி கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், தோள் துண்டைச் சரிசெய்தபடி அவர் சொல்வார்: “இன்னும் ரெண்டு மைலு போகோணுங்க.”