பத்துக்கு ஆறு ஜெயித்தாலும் நஷ்டம்: அடிக்கடி கிரிப்டோ டிரேட் செய்வதன் கணக்கு

நண்பர் ஒருவர் தன் கிரிப்டோ கணக்கைக் காட்டினார். பத்து டிரேட். ஒவ்வொன்றும் 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கி, ஓரிரு நாளில் விற்றது. ஐந்தில் தலா 4,000 லாபம், ஐந்தில் தலா 4,000 நஷ்டம். "கூட்டிக் கழிச்சா சரியாப் போச்சு, கையைக் கடிக்கல" என்றார். ஆப்பிலும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் நிஜத்தில் அவர் கையிலிருந்து கிட்டத்தட்ட 11,000 ரூபாய் போகப்போகிறது.

எப்படி என்று பார்ப்போம்.

முதலில் எக்ஸ்சேஞ்ச் கட்டணம். 0.2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. ஒரு தடவை வாங்கி விற்க 472 ரூபாய். பத்து தடவைக்கு 4,720. (கட்டணமே இல்லை என்று சொல்லும் ஆப்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். அங்கேதான் எடுத்துக்கொள்கிறார்கள்.)

இதைவிடப் பெரிய அடி வருமான வரி. இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஆக 31.2 சதவீதம். விகிதம் அதிகம் என்பதுதான் எல்லோருக்கும் தெரியும். நிஜமான வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது: ஒரு டிரேடில் வந்த நஷ்டத்தை இன்னொரு டிரேடின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. பங்குச்சந்தையில் குறுகிய கால நஷ்டத்தை 8 வருஷம் வரை கொண்டுபோகலாம். இங்கே நஷ்டம் உங்களோடு போச்சு. விற்கும்போது கட்டிய கட்டணத்தையும் செலவாகக் காட்ட முடியாது.

ஆகவே நண்பரின் நிகர லாபம் பூஜ்யம்தான் என்றாலும், வரிக்கணக்கில் அவருடைய லாபம் 20,000. வரி 6,240. கட்டணத்தையும் சேர்த்தால் 10,960.

சரி, அவர் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்து பத்தில் ஆறு ஜெயித்திருந்தால்? நிகர லாபம் 8,000. வரி 24,000-க்குப் போடப்படும், அதாவது 7,488. கட்டணம் அதே 4,720. ஆக 4,208 நஷ்டம். பத்தில் ஏழு ஜெயித்தால்தான் கையில் 2,544 மிஞ்சும். பத்தில் ஏழு தடவை சரியாகக் கணிக்கும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. சொல்லிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதே 1 லட்சத்தை ஒரே தடவை போட்டு, பல மாதம் வைத்திருந்து, வாங்கிய விலைக்கே விற்றிருந்தால் செலவு 472 ரூபாய். வரி கிடையாது. விலை ஏறி இறங்கியது இரண்டுக்கும் ஒன்றுதான், நடுநடுவே விற்றதுதான் வித்தியாசம்.

இன்னொன்று டிடிஎஸ். 2022 ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் பிடிக்கிறார்கள். லாபத்தில் அல்ல, விற்ற மொத்தத் தொகையில். நஷ்டத்துக்கு விற்றாலும் பிடிப்பார்கள். நண்பர் விற்றது மொத்தம் 10 லட்சம், ஆகவே சுமார் 10,000 ரூபாய் பிடித்தாகிவிட்டது. இது செலவு இல்லை, வரியில் கழித்துக்கொள்ளலாம். மீதி 3,760 ரீஃபண்டாக வரும். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்து முடியும்வரை அது முடங்கிய பணம். டிரேடு கூடக் கூட முதலிலிருந்து இப்படிச் சுரண்டிக்கொண்டே போகும்.

பிட்காயினைக் கொடுத்து எத்தீரியம் வாங்கினால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் விற்பனைதான். ஒரு ரூபாய்கூட வங்கிக்கு வராமலே லாபத்துக்கு வரி விழும். கொடுத்தவர், வாங்கியவர் இரண்டு பக்கமும் டிடிஎஸ் வேறு.

நண்பர் இப்போது வருஷம் முழுவதற்கான ஸ்டேட்மென்ட்டை டவுன்லோடு செய்துகொண்டிருக்கிறார். எனக்குக் காட்டியது ஒரு மாதத்துக் கணக்கு மட்டும்தானாம்.